வாத்தியார் வந்து எடுக்க வேண்டிய கோழி

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ண வராது. முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால் உலை பொங்கி வழிவது போலத் தோன்றும். கொடியில் போட்ட துணி பறப்பது போலத் தோன்றும். எழுந்துவிடுவேன். முற்றம் தெளிக்கும்போதும், நெல் குத்தும்போதும், ஆற்றில் துணி துவைக்கும்போதும்தான் எனக்குக் கர்த்தரோடு பேச்சுவார்த்தை. அதிலும் பாதி சண்டையாக இருக்கும். சபைப் பெண்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளித்திருக்கிறார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். இந்த வயதுக்கு மேல் நான் யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை.

என்னைக் கட்டிக்கொண்டவர் எனக்கு நேர் எதிர். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் நான் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பேன். நான் படபடவென்று எதையாவது செய்துகொண்டிருந்தால், "பைய செய்யி. யாரு விரட்டுதா?" என்பார். யாரும் விரட்டவில்லைதான். ஆனாலும் யாரோ பின்னால் நின்று முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலத்தான் எனக்கு எப்போதும் இருக்கும்.

நான் பிறந்தது வள்ளியூருக்குத் தெற்கே. பனையும் செம்மண்ணும் காற்றும்தான் அங்கே. முதல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் அவரை ஆற்றுப்பாசன ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து நடந்து போகிற தூரம். எங்கே பார்த்தாலும் தண்ணீர், எங்கே பார்த்தாலும் பச்சை. வந்த புதிதில் எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. வயலில் தண்ணீர் நிற்பதாலோ என்னவோ, மனுஷர்களும் தேங்கி நிற்பது போலத் தெரிந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவ்வளவு நேரம். அவருக்கோ முதல் நாளே பிடித்துப்போயிற்று.

அந்த ஊரில் பெரும்பாலும் சைவப் பிள்ளைமார் வீடுகள். ஆற்றங்கரையில் ஒரு அக்கிரகாரம். ஊர்க் கடைசியில் எங்கள் சபை, கொஞ்சம் குடும்பங்கள். ஓலை போட்ட சின்னக் கோயில். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஆலயம் என்றால் கோயில்தான், பாதிரியார் என்றால் ஐயர்தான். மணி அடித்து, கூட்டிப் பெருக்கி, பாய் விரிக்கிறவர் கோயில்பிள்ளை. கோயில்பிள்ளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த முட்டை, முருங்கைக்காய், பூசணிக்காய், கோழி எல்லாவற்றையும் பூவரச மரத்தடியில் வைத்து ஏலம் போடுவார். காசு கோயிலுக்கு. அதனால் யாரும் கடைவிலை பார்ப்பதில்லை. ஒருவர் கேட்டதை இன்னொருவர் ஏற்றிக்கொண்டே போவார். ஒரு பூசணிக்காய்க்கு நாலு பூசணிக்காயின் விலை போகும்.

என் வீட்டுக்காரரின் நிதானமெல்லாம் அந்த மரத்தடியில் பறந்துவிடும். அங்கே அவருக்கு ஒரு எதிராளி இருந்தார். கருப்பட்டி வியாபாரம் செய்கிற அண்ணாச்சி. குரல் பெரிது, வயிறு பெரிது, மீசையும் பெரிது. வாத்தியார் ஒன்று கேட்டால் அண்ணாச்சி ஏற்றுவார். அண்ணாச்சி கேட்டால் வாத்தியார் விடமாட்டார். சபை முழுவதும் சுற்றி நின்று பார்க்கும். ஆண்கள் வட்டமாக முன்னால், பெண்கள் நாங்கள் கோயில் சுவரோரம். ஒருமுறை வெறும் நாலு முருங்கைக்காயை அவர் எடுத்துக்கொண்டு வந்த விலைக்கு நான் வீடு வரும்வரை பேசவில்லை. "கோயிலுக்குத்தான போவுது" என்றார். "கோயிலுக்குப் போவட்டும். குழம்புக்கு என்ன போட?" என்று கேட்டேன். அதற்கும் அவர் சிரித்தார்.

ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் மலைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொயினா கொடுத்தோம். கசப்பில் அவர் முகம் கோணியதே தவிரக் காய்ச்சல் அசையவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து, டாக்டருக்குக் கீழே வேலை பார்க்கிற டிரெஸ்ஸர் ஒருவர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். விஷக்காய்ச்சல், குடல் புண்ணாகியிருக்கும் என்றார். கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது, ஆளை அசைக்கவே கூடாது, தானாக இறங்கினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். தானாக இறங்கினால்தான் உண்டு. இதைக் கேட்டுவிட்டு ஒருத்தி சும்மா இருக்க வேண்டும்.

நான் இருந்த லட்சணம் எனக்குத்தான் தெரியும். பெருக்கின முற்றத்தையே திரும்பப் பெருக்கினேன். தேய்த்த செம்பையே தேய்த்தேன். நெற்றியில் ஈரத்துணி போடுவேன், எடுப்பேன், அது சூடாகும் முன்னாலேயே மாற்றுவேன். சபையிலிருந்து ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். "கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார்கள். "எல்லாம் அவரு சித்தம்" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கோ எரிச்சல் வந்தது. கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்கிறார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர்களுக்கு மோர் கலந்து கொடுத்து அனுப்பினேன்.

கருப்பட்டி அண்ணாச்சியும் வந்தார். கர்த்தர் பேச்சையே எடுக்கவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்னவே வாத்தியாரே, நீரு வராததால பூசணிக்காயச் சல்லிசா எடுத்துட்டேன். ஒருத்தன்கூட ஏத்திக் கேக்கல. கோயிலுக்கு நஷ்டம்வே" என்றார். என் வீட்டுக்காரரின் காய்ந்த உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான்.

எங்கள் கொல்லைக்கு அடுத்த கொல்லை ஒரு பிள்ளைவாள் வீடு. அந்த வீட்டம்மாளை நான் மதினி என்று கூப்பிடுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எங்கள் வீட்டுப் படி மிதித்ததில்லை. மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு முறை. அவள் ஒருநாள் வேலியோரம் வந்து, "ஏளா, எங்க சாமிகிட்டயும் சொல்லி விளக்குப் போட்டிருக்கேன். உங்க சாமி கோவிச்சுக்கிடுமோ?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் தெரியாது மதினி. நான்தான் எங்க சாமிகிட்ட கோவிச்சுக்கிட்டு நிக்கேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "கோவிச்சுக்க. ஆனா பேச்ச நிப்பாட்டிறாத" என்றாள்.

என்னிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டைக்கோழி இருந்தது. யாருக்கும் அடங்காது. அடைக்க வேண்டுமென்றால் தெருவே திரண்டு விரட்ட வேண்டும். மற்ற கோழிகளைக் கொத்தும், நாயைக் கொத்தும். அவர் அதை "உன் தங்கச்சி" என்பார். ஒரு சனிக்கிழமை அவருக்கு நினைவு தப்பியது. வகுப்பில் நிற்பதாக எண்ணிக்கொண்டு பையன்களுக்குக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் கொல்லைக்கு ஓடினேன். அங்கே அது மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. ஆண்டவரே, அவரை எழுப்பிவிடும், இதை உமக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று நின்ற நிலையில் பொருத்தனை பண்ணினேன். என்னிடம் கொடுக்க இருந்ததில் அதுதான் நல்லது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெற்கத்தி ஊரில், பொருத்தனை பண்ணின ஆட்டையோ கோழியையோ அடுத்த ஞாயிறே கொண்டுபோய்க் கோயிலில் கட்டிவிடுவார்கள். கேட்டது கிடைக்கும்வரை காத்திருப்பதில்லை. வறண்ட பூமிக்காரர்களுக்குத் தங்கள் வாக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை. மழை பெய்த பிறகு ஆட்டைக் கொடுக்க மனசு வராது என்று அவர்களுக்குத் தெரியும். ஆற்றங்கரையில் முறை வேறு. கேட்டது கிடைத்த பிறகுதான் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கோழியோடு வருகிறார் என்றால் அவர் வீட்டில் நோய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஊரில் அத்தனை நாள் இருந்தும் இது எனக்குத் தெரியாது. அதுவரை எனக்குப் பொருத்தனை பண்ண வேண்டி வந்ததில்லை.

மறுநாள் காலையில் கோழியின் காலைக் கட்டினேன். அவரைத் தனியாக விட்டுப் போவது எப்படி என்று நின்றபோது மதினி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"போய்ட்டு வா. நான் பாத்துக்கிடுதேன். தண்ணி கேட்டா உள்ள போய்க் குடுப்பேன்."

"உள்ள போவியளா மதினி?"

"அப்புறமா ஆத்துல ஒரு முழுக்குப் போட்டாப் போச்சு. ஆறு எங்க போயிரும்" என்றாள்.

கோயிலுக்குள் கோழியைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கத்துப் பாயில் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று ஐயர் எங்கள் சபைக்கு வருகிற முறை. காணிக்கை வேளையில் அவர் எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நம்முடைய வாத்தியாரைக் கர்த்தர் படுக்கையிலிருந்து எழுப்பினபடியால் அவர் மனைவி ஸ்தோத்திரக் காணிக்கை கொண்டுவந்திருக்கிறார்கள். சபையார் எல்லாரும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் பண்ணுவோம்" என்றார்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பாய்கள் சரசரத்தன. பாட்டின் முதல் அடியையும் யாரோ எடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் கோயிலுக்குள் பெண்கள் பாடலாம், அழலாம். பேச முடியாது. நான் பேசினேன். தைரியத்தினால் இல்லை. வீட்டில் கணக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறவரை இவர்கள் எழுப்பி உட்காரவைத்துவிட்டார்களே என்ற பயத்தில்.

"ஐயரே, அவுக எந்திரிக்கல. இன்னும் காய்ச்சல் விடல."

பாட்டு நின்றது. ஐயர் என்னைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார்.

"பின்ன இந்தக் கோழி எதுக்கும்மா?"

"எங்க ஊர்ல முன்னக்கூட்டியே கொண்டாந்து கட்டிருவோம்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது. "வீட்ல சும்மா இருக்க முடியல ஐயரே. அதான் கொண்டாந்தேன்" என்றேன்.

கண்டிப்பார் என்று நினைத்தேன். வயதானவர், கண்டிப்பானவர், கோயிலுக்குள் செருமினாலே திரும்பிப் பார்ப்பவர். அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். அப்புறம் பிரசங்கக் குரலை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி, "ஸ்தோத்திரத்த ஆரம்பிச்சுட்டோம். நடுவுல நிறுத்தவா, முடிக்கவா? எனக்குத் தெரியலம்மா" என்றார்.

"எனக்கும் தெரியல" என்றேன்.

ஐயருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அந்தச் சபை கேட்டது. நின்றவர்கள் நின்றார்கள், சிலர் உட்கார்ந்தார்கள். பாட்டை மறுபடி எடுத்து, இழுத்து, எப்படியோ முடித்தார்கள். நல்லபடியாகப் பாடப்படவில்லை. ஆனாலும் அத்தனை வாரங்களில் எனக்காக ஒருவர் சொன்னதில் என் காதில் ஏறினது ஐயரின் அந்தத் தெரியலம்மாதான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் தெரிந்தவர்களாகவே வந்தார்கள். இவர் ஒருவர்தான் என்னோடு தெரியாமல் நின்றார்.

பூவரச மரத்தடியில் ஏலம் தொடங்கியது. முட்டை போயிற்று, வாழைத்தார் போயிற்று. கோழியைத் தூக்கிப் பிடித்துக் கோயில்பிள்ளை விலை கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலில் கிடக்கிற மனுஷனுக்காகக் கட்டிய கோழியை யார் கொண்டுபோய்க் கறி வைப்பது? கோழி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. கோயில்பிள்ளை இரண்டாவது தடவை கேட்டபோது கருப்பட்டி அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"அத அவுத்து விடும்வே. அங்கன நிக்கட்டும். வாத்தியாரு வந்து எடுக்கட்டும். அவரு இல்லாம நான் யாருகூட மல்லுக்கட்ட?"

அதுவே தீர்மானமாயிற்று. கோழி கோயில் வளவில் நின்றது. இரண்டே நாளில் கோயில்பிள்ளை என் வீட்டுக்கு முறையிட வந்துவிட்டார். பீடத்துக்குப் பின்னால் முட்டை போடுகிறதாம், ஜெபத்துக்கு மணி அடித்தால் பதிலுக்குக் கத்துகிறதாம். "அது நம்ம சபையில சேர்ந்துட்டு அம்மா. இனி ஞானஸ்நானம்தான் பாக்கி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் ஒரு பயம் வந்தது. சிரிக்கலாமா, கர்த்தர் அதைக் கணக்கில் எழுதிக்கொள்வாரோ என்று. என் விசுவாசம் அப்போது அந்த நிலையில்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் அவர் நெற்றி வேர்த்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைத் தெரிந்துகொண்டார். தலையணையை உயர்த்தி வைத்துக் கஞ்சி கொடுத்தேன். கோழி கதையைச் சொன்னேன். கோயிலுக்குள் பேசினதைச் சொன்னபோது கண்ணை அகல விரித்தார். ஏலம் நின்றதைச் சொன்னபோது மெதுவாகச் சிரித்தார். "அண்ணாச்சிட்ட விட்டுரக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை என்னைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ" என்றார். நான் வேலிக்கு ஓடி மதினியிடம் சொன்னேன். தெருவுக்கு ஓடி எதிர்ப்பட்டவர்களிடம் சொன்னேன். கர்த்தரிடம் மட்டும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். டிரெஸ்ஸருக்கு ஆள் போனது. ஆள் திரும்பி வருமுன் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லப் பையன்கள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் அப்போது கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் போய் நிறுத்தினார்.

கோயிலுக்குப் பின்னாலேயே கல்லறைத் தோட்டம். அங்கே வைத்தார்கள்.

அதன் பிறகு நடந்ததில் எனக்கு அதிகம் நினைவில்லை. நினைவிருப்பது கோபம். அது மட்டும் தெளிவாக இருக்கிறது. ஒரு கோழியை முன்னக்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரு காலைப்பொழுது அவரைத் திருப்பித் தந்து, பிறகு எடுத்துக்கொண்டது என்ன நியாயம் என்று கேட்டேன். நெல் குத்திக்கொண்டே கேட்டேன். உலக்கையைப் போட்ட வேகத்தில் அரிசி நொய்யாகப் போனது. பேச்சை நிறுத்தவில்லை. மதினி சொன்னதற்காக இல்லை, எனக்கு வேறு யாரிடம் சண்டை போட முடியும்?

எங்களுக்குப் பிள்ளை இல்லை. புது வாத்தியார் வரும்வரை அந்த வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சாப்பாடு நாலு வீட்டிலிருந்து வந்தது. ஒரு கவளம் இறங்காது. மூடி வைத்து மாட்டுக்கு ஊற்றினேன். மூலையில் உட்கார வேண்டியவள் இப்படி அங்கேயும் இங்கேயும் அலைகிறாளே என்று பிள்ளைமார் தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் சபையிலும் சிலர் பேசினார்கள். ஆனால் பேசினவர்களை நான் தாங்கிக்கொண்டேன். இரக்கப்பட்டவர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஆற்றில் துணி துவைக்க ஒரு நல்ல கல் உண்டு. அகலமானது, வழுக்காதது. அதற்குத் தினமும் சண்டை நடக்கும். நானும் எத்தனையோ நாள் வாய்ச்சண்டை போட்டு அதைப் பிடித்திருக்கிறேன். இப்போது நான் படித்துறையில் இறங்கினால் போதும், அந்தக் கல்லில் நின்றவள் துணியைச் சுருட்டிக்கொண்டு விலகிவிடுவாள். பேச்சும் நின்றுவிடும். எனக்கென்று அந்தக் கல் காலியாகக் கிடக்கும். நான் அதில் நின்று துவைக்கும்போது எனக்கும் ஒரு குழி வெட்டிவிட்டார்களோ என்றிருக்கும்.

கருப்பட்டி அண்ணாச்சி அடக்கத்துக்கு வந்தவர், பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதிலும் எனக்குக் கோபம்.

ஐயர் மறுபடி வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது கோயில்பிள்ளை அவரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அம்மா. அந்தக் கோழி. கல்லறைத் தோட்டத்துக்குள்ள போயிருது. புது மண்ணா இருக்கா, கிளறுது. விரட்டி விரட்டிப் பாத்தேன்."

ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். "என்ன செய்யலாம்மா? நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோறீங்களா?" என்றார்.

"கோயிலுக்குன்னு கட்டுனதை எப்பிடி வீட்டுக்குக் கொண்டுபோவ? ஏலத்துல விடுங்க" என்றேன்.

பூவரசடியில் கோழியைப் பிடித்துக்கொண்டு வர நாலு பேர் ஓட வேண்டியிருந்தது. கோயில்பிள்ளை மூச்சு வாங்கத் தூக்கிப் பிடித்தார். விலை கேட்டார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். என்னால் சுவரோரம் நிற்க முடியவில்லை. கால் தானாக வந்தது. ஆண்கள் வட்டத்துக்குள் போய் நின்று, "நாலணா" என்றேன்.

அந்த மரத்தடியில் ஒரு பெண்பிள்ளை ஏலம் கேட்டதில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோருடைய முகத்திலும் அந்த ஆற்றங்கரை மௌனம் வந்து உட்கார்ந்தது. கோயில்பிள்ளையின் குரலே இளகிவிட்டது. "நாலணா ஒருதரம்" என்றார், தாலாட்டுவது போல. "நாலணா ரெண்டுதரம்." வேறு யாரும் கேட்கப் போவதில்லை. அந்தக் கோழியை எனக்குப் பிச்சையாகப் போடப் போகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அஞ்சணா."

கருப்பட்டி அண்ணாச்சி. கூட்டத்தின் பின்னாலிருந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். சுவரோரத்திலிருந்து அவர் சம்சாரம், "ஐயோ, உங்களுக்கு என்ன கேடு? அந்தப் பிள்ளைகிட்டயா போட்டி?" என்றாள். ஐயர்கூட அவர் பக்கம் திரும்பினார். அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஏலம்னா ஏலந்தான்" என்றார்.

"ஆறணா" என்றேன் நான்.

அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். அவர் யோசிக்காமல் ஏற்றினார். நான் அதைவிடச் சீக்கிரம் ஏற்றினேன். இவ்வளவு பெரிய மீசைக்காரருக்கு ஒரு கோழிக்கு இத்தனை ஆசையா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். மீசைக்கு ஆசை இல்லை, வயிற்றுக்குத்தான் என்றார். யாரோ சிரித்தார்கள். வட்டம் நெருங்கியது. "விடாத, விடாத" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கோயில்பிள்ளைக்கும் பழைய குரல் திரும்பிவிட்டது. கோழியை ஆட்டி ஆட்டிக் கத்தினார். எனக்கு மூச்சு வாங்கியது, காது சூடானது, இந்த மனுஷரை ஜெயிக்காமல் விடக் கூடாது என்பதைத் தவிர உலகத்தில் ஒன்றுமே நினைவில் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் நான் யாருடைய விதவையாகவும் இல்லை.

என் முந்தானை முடிச்சில் இருந்தது தீர்ந்த இடத்தில் வாயை மூடினேன். "மூணுதரம்" என்றார் கோயில்பிள்ளை. அண்ணாச்சிக்குப் போயிற்று.

இப்போது கோழியை என் கையில் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். கொடுத்திருந்தால் அவர் முகத்தில் முழித்திருக்க மாட்டேன். அவர் காலைக் கட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டார். அது அவர் கையைக் கொத்தியது. "சே, என்ன கொத்து கொத்துது" என்றார். ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வாத்தியாரம்மா, அடுத்த வாரம் பெரிய பூசணி வருதாம். வருவியள்லா?"

"வருவேன்" என்றேன்.

அந்தக் கோழியை அவர் வீட்டில் அன்றே குழம்பு வைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு கிண்ணம்கூட அனுப்பவில்லை. கர்த்தர் என்னிடம் வந்தார் என்று சொல்ல எனக்கு ஒரு தரிசனமும் இல்லை, ஒரு சொப்பனமும் இல்லை. அவர் வந்தாரென்றால், பூவரசடியில், ஓரணா கூடுதலாகக் கேட்டுக்கொண்டு வந்தார் என்றுதான் என்னால் சொல்ல முடியும். இதை ஒருமுறை ஐயரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வயிறு கிள்ளியது. என்னவென்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. பசி. யார் வீட்டுச் சோறு வருமென்றும் காத்திருக்கவில்லை. அடுப்பை மூட்டி உலை வைத்தேன். கூட்டு வைக்கப் பொறுமையில்லை. சோற்றை வடித்து, துவையல் அரைத்து, இலையை விரித்த பிறகுதான் பார்த்தேன், கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டிருக்கிறது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுவது எப்போதும் அவர் வேலை. நீளமாகப் பண்ணுவார், நான் பாதியில் சோற்றைத் தொட்டுவிடுவேன். அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை. கண்ணை மூடினேன். ஸ்தோத்திரம் என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. அதற்கு மேல் என்னிடம் இல்லை. கண்ணைத் திறந்து, இரண்டு பேர் சோற்றையும் நானே சாப்பிட்டேன்.